போன் வைக்க ஒரு பை

அந்தச் சட்டையில் பை வைக்க எனக்கு மனமே இல்லை. எண்ணூறு வருடங்களுக்கு முந்தைய ஊர்ப் பெரியவர் ஒருவருக்குச் சட்டையே அதிகம். அதில் போன் வைக்கப் பை வேறா? ஆனால் கேட்டவர் எங்கள் குழுவின் தலைவர். பம்பு செட் தொழிலில் நன்றாகச் சம்பாதித்து, எழுபதைத் தாண்டிய பிறகு சரித்திரத்தின் மேல் ஆசை வந்தவர்.

"ஏனுங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. போன் வைக்க ஒரே ஒரு பை. உள்பக்கமா, வெளிய தெரியாத மாதிரி வெச்சுக் குடுத்துருங்க" என்றார்.

தைத்துக் கொடுத்தேன். இத்தனை வருடத் தையலில் நான் வெட்கப்படுகிற வேலை அது ஒன்றுதான்.

நான் போத்தனூரில் ஜாக்கெட் தைப்பவள். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை, அதுவும் வாடகை. குடியிருக்கும் வீடும் வாடகைதான். வீட்டுச் சொந்தக்காரம்மா மொட்டை மாடியில் ஒரு மூலையைக் காட்டி, "தண்ணி கீழ ஒழுகாம பாத்துக்கோங்க" என்ற நிபந்தனையோடு செடி வளர்க்க அனுமதித்திருக்கிறார். முப்பது பைகளில் என் தோட்டம். கடையில் கூட்டம் இல்லாத மதியங்களில் சரித்திரப் புத்தகம் படிப்பேன். அந்த ஆர்வத்தில்தான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோயில்களுக்குப் போய்க் கல்வெட்டுப் படிக்கிற இருபத்தைந்து பேர். டாக்டர், ஆடிட்டர், கல்லூரி ஆசிரியர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். என்னைப் போலக் கைவேலை செய்து பிழைப்பவர் இன்னும் ஒரே ஒருவர், டவுனில் செம்புப் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் பாய். அவர் அதிகம் பேசமாட்டார். கல்வெட்டில் எழுத்து தேய்ந்த இடத்தில் விரலால் தடவியே என்ன எழுத்தென்று சொல்லிவிடுவார்.

நான் சேர்ந்த அன்று தலைவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அம்மணிக்கு ஊரு எதுங்க?" என்பதுதான்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம தோப்பு அங்கதானுங்க. நீங்க யாரு ஊடு?"

என் அப்பாவும் அம்மாவும் அங்கே தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனவர்கள் என்று சொன்னேன். "அப்படீங்களா, அப்படீங்களா" என்று இரண்டு தடவை சொன்னார். முகம் மலர்ந்தது மலர்ந்தபடியேதான் இருந்தது. ஆனால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாமே மரியாதையாகத்தான் நடக்கும்.

போன தை மாதம் ஒரு சனி, ஞாயிறு அவருடைய தென்னந்தோப்பில் கொங்குச் சோழர் காலத்து ஊர் ஒன்றை நடித்துக் காட்டுவது என்று குழு முடிவு செய்தது. அந்தக் காலத்து உடை, அந்தக் காலத்துச் சாப்பாடு. ஞாயிறு காலை விருந்தினர்களுக்கு முன்னால் குடவோலை. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கிற பழைய முறை அது. பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எங்கள் சபைக்கு ஐந்து பேர்; முதல் ஓலைக்கு உரியவர் நடு மணையில் உட்காருவார்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் நடந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குடத்துக்குள் கையை விட்டால் யார் பெயர் வேண்டுமானாலும் வரலாம் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் அப்பாவைத் தோட்டத்துச் சின்னப் பையன்கள்கூட 'டா' போட்டுக் கூப்பிடுவார்கள். அவர் பெயரை எழுதி ஒரு குடத்தில் போட்டால் எப்படியிருக்கும் என்று அன்றைக்கு யோசித்தேன். ஆக, நாற்பத்து மூன்று வயதில் நான் அந்தத் தோப்புக்குப் போனது நாடகம் பார்க்க இல்லை. என் ஓலை குடத்துக்குள் விழவேண்டும். வராவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே கிடந்தால் போதும்.

அதற்காக நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். சோமனூருக்குப் போய் வெளுக்காத காடாத் துணி வாங்கி வந்தேன். மஞ்சளிலும் கடுக்காயிலும் வெங்காயத் தோலிலும் சாயம் காய்ச்சினேன். மெஷின் தையல் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று மூன்று மாதம் எல்லாவற்றையும் கையாலேயே தைத்தேன். வேட்டியும் மேல்துண்டும்தான் சரி என்று நான் சொன்னதற்கு ஆண்கள் யாரும் சம்மதிக்கவில்லை, வயிறு தெரியுமாம். சரி என்று சட்டையும் தைத்தேன். மாடியில் தக்காளியும் மிளகாயும் காய்த்துக் கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் நம் நாட்டில் அவை இரண்டும் கிடையாது. இரண்டையும் பிடுங்கிவிட்டு அந்தப் பைகளில் அவரையும் கத்தரியும் சுரையும் போட்டேன். பூவும் பிஞ்சுமாக நின்ற மிளகாய்ச் செடியைப் பிடுங்கியபோது என் கணவர், "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். எழுத்தாணி பிடித்து எழுதவும் பழகினேன். இருபத்தைந்து ஓலைகளையும் நான்தான் எழுதினேன். பழைய முறைப்படி இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னார் என்று, தகப்பன் பெயரோடு. என் ஓலையில் என் அப்பா பெயர் கோணலாக விழுந்ததால் அதை மட்டும் இரண்டாம் முறை எழுதினேன்.

சனிக்கிழமை காலை இரண்டு மூட்டைத் துணியும் ஒரு சாக்குக் காய்கறியுமாகப் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நடந்ததை என்னவென்று சொல்ல? நான் முடிச்சுப் போட்டுக் கட்டச் சொன்ன இடத்திலெல்லாம் ஊக்கு. படைத் தளபதியின் காலில் கேன்வாஸ் ஷூ. ஆடிட்டர் அம்மா பட்டுச் சேலையில் வந்து, "காடாத் துணி உறுத்துதுங்க" என்றார். சமையல் நடந்த இடத்தில் கூடை நிறையத் தக்காளி, படி நிறைய வரமிளகாய். கேட்டதற்கு, "மொளகா இல்லாம எப்படிங்க வாயில வெக்கறது?" என்று சிரித்தார்கள். என் அவரைக்காயும் அந்த மிளகாய்க் குழம்பிலேயே வெந்தது. எரிச்சலாக வந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். நாளைக்குக் குடவோலையாவது சரியாக நடக்கட்டும்.

சாயங்காலம் தலைவர் என்னைக் கிணற்றுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். நான் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார். அளவு கச்சிதமாக இருந்தது. உள்பையிலிருந்து ஓர் ஓலையை எடுத்து என் கையில் கொடுத்தார். என்னுடைய ஓலை.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. கொடவோலைக் கல்வெட்டுல தகுதின்னு போட்டிருக்குதுங்களே. சொந்த நெலம் இருக்கோணும், சொந்த மனையில ஊடு இருக்கோணும். எதையும் உள்ளது உள்ளபடி செய்யோணும்னு நீங்கதானுங்க எப்பவும் சொல்லுவீங்க."

அந்தக் கல்வெட்டு நம் கொங்குப் பக்கத்ததே இல்லை என்றேன். அதிலே பெண்களுக்கு இடமில்லை, நம் குழுவில் எட்டுப் பெண்களின் ஓலை குடத்தில் இருக்கிறதே என்றேன். "காலத்துக்குத் தக்க கொஞ்சம் மாத்திக்கறதுதானுங்க" என்றார். எழுபது வயதுக்கு மேற்பட்டவருக்கும் தகுதியில்லை என்று அதே கல்வெட்டில் இருக்கிறதே என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். "அட, அதெல்லாம் பாத்தா ஆகுமுங்களா?" கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பியும் வாடகை வீட்டில்தானே இருக்கிறார் என்று கேட்டேன். "அவங்கப்பாருக்குப் பொள்ளாச்சில தோப்பு இருக்குதுங்களே" என்றார்.

அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒன்றைக்கூடக் குரல் உயர்த்திச் சொல்லவில்லை.

"எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க. நெனப்புக்கு வெச்சுக்குங்க. நாளைக்கு ஓலை எடுக்கறது நீங்கதான். கொடத்துல பேரு இல்லாதவங்க எடுத்தாத்தானுங்க நாயமா இருக்கும்? மத்தவங்ககிட்ட இதச் சொல்ல வேண்டாமுங்க, சங்கடப்படுவாங்க."

கோபத்தில் பல வகை உண்டு. ஜாக்கெட் கை பிடிக்கிறது என்று கத்துகிறவர்களிடம் எனக்கு வருவது ஒரு வகை, அது டீ குடித்தால் போய்விடும். இது போகவில்லை. ஊக்குக்கும் ஷூவுக்கும் தக்காளிக்கும் இல்லாத கல்வெட்டு, என் ஓலைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? எண்ணூறு வருடத்தில் இவர்கள் மாற்றாமல் காப்பாற்றி வைத்திருப்பது அந்த ஒரு வரியைத்தானா? அதுவும் என் வார்த்தையையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டு, நினைவுப் பரிசு மாதிரி கையில் கொடுக்கிறார். நான் இடுப்பு மடிப்பில் அதைச் செருகிக்கொண்டேன். இரண்டு தோட்டம் தள்ளித்தான் என் அப்பா இருபது வருடம் பாத்தி கட்டினார்.

ஞாயிறு காலை நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நடுவில் பாய் தன் கையால் அடித்துச் செய்த செப்புக் குடம், வெயிலில் பளபளவென்று. தலைவர் குடவோலையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். உலகத்துக்கே ஓட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம் என்றார். கைதட்டினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

நான் இடுப்பிலிருந்து ஓலையை எடுத்து உள்ளங்கையில் மடக்கிக்கொண்டேன். குடத்துக்குள் கையை விட்டேன். ஓலைகள் விரலில் பட்டன. அவற்றில் எதையும் எடுக்காமல் என்னுடையதை வெளியே எடுத்தேன். விரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி என் அப்பா பெயரைச் சொல்லி, அவர் மகள் என்று என் பெயரைச் சொன்னேன்.

கைதட்டல் எழுந்தது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தலைவர் மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் வந்து, சிரித்த முகத்தோடு, தாழ்ந்த குரலில், "அந்த ஓலை கொடத்துல இல்லீங்களே அம்மணி" என்றார்.

"இல்லைன்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்று நான் சத்தமாகக் கேட்டேன்.

கைதட்டல் நின்றுபோனது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் சொன்னார். சொந்த நிலம் இல்லாதவர்கள், சொந்த மனை இல்லாதவர்கள் ஓலையைக் கல்வெட்டுப்படி எடுத்துவிட்டதாகச் சொன்னார். அதை நூறு பேருக்கு முன்னால் அவர் வாயால் சொல்ல வைத்ததில் எனக்குப் பெரிய திருப்தி. பொய் சொல்லப் போவதில்லை.

"நடிப்புதானுங்களே, விடுங்க" என்றார் ஆடிட்டர் அம்மா. நடிப்புதான் என்றால் என் பெயர் உள்ளே கிடந்ததில் உங்களுக்கு என்ன நஷ்டம்? அதைக் கேட்க நான் வாய் திறந்தேன். அதற்குள் குடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த பாய் பேசினார்.

"பட்டற எடம் வாடகதானுங்க எனக்கு" என்றார் மெதுவாக. "ஊடும் வாடகதான். அப்ப என்ற ஓலையும் உள்ள இல்லீங்களா?"

அவருக்கு அதுவரை தெரியாது. எனக்கும் அந்த நிமிடம்தான் புரிந்தது. தலைவரின் வலது கை தானாகச் சட்டையின் உள்பக்கம் போனது. நான் தைத்த பைக்குள் போனது. போனோடு சேர்ந்து ஓர் ஓலையும் வெளியே வந்தது.

"உங்ககிட்டயும் சொல்லோணும்னுதான் இருந்தேனுங்க பாய். நேரம் வாய்க்கல" என்றார்.

பாய் ஓலையை வாங்கி, தேய்ந்த கல்வெட்டைத் தடவுகிற மாதிரியே அதை விரலால் தடவிப் பார்த்தார். தன் பெயரும் தன் தகப்பனார் பெயரும் இருப்பதைப் பார்த்துக்கொண்டு சட்டைப்பையில் வைக்கப் போனார். அவர் சட்டையில் பை இல்லை. நான் வைக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஓலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, குடத்தைத் தரையில் கவிழ்த்து மற்றவர்களின் ஓலைகளைக் கொட்டினார். காலிக் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டார். "என்னங்க பாய் இது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொடம் என்னுதுங்க" என்றார்.

நான் தலைவரிடம் சட்டையைக் கேட்டேன். அவர் தோட்டத்து வீட்டுக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்து, அதை நாலாக மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அவ்வளவு மரியாதை.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி" என்றார்.

"தப்பாத்தானுங்க நெனச்சிருக்கேன்" என்றேன்.