பொரியல் டப்பாவில் ஒளித்த ரிப்பன்

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் கேட்டில் உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். சாப்பாட்டு டப்பாவையும் திறந்து காட்ட வேண்டும். அவருக்குப் பிறந்த நான் யாரை நம்புவேன்?

தொண்ணூறுகளில் விடிகாலை ரயில் பிடித்துப் பெங்களூரில் ஓர் உலோக ஆய்வகத்துக்குத் தினக்கூலியாகப் போய்வந்தேன். அலுமினிய ரிப்பன் செய்வது என் வேலை. அலுமினியத்தோடு வேறு சில உலோகங்களைச் சேர்த்து உருக்கி, வேகமாகச் சுற்றும் செம்புச் சக்கரத்தின்மேல் பீய்ச்சுவேன். அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரமே இருக்காது. தாறுமாறாக நின்றபடியே உறைந்து, பளபளவென்று நாடாவாக வரும். இரண்டாக மடித்தாலும் உடையாது. சூடு பட்டால் மட்டும் போச்சு. முதலில் உள்ளே பொடிப்பொடியாக அலுமினியப் படிகங்கள் முளைக்கும். இன்னும் சூடேற்றினால் மிச்சமும் வரிசைக்கு வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெப்பம் வெளிவரும். கருவி அதை வரைபடத்தில் ஒரு மேடாகக் காட்டும். அந்த மேடுகளை அளப்பதுதான் எங்கள் ஆய்வகத்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் மூன்று வருட உழைப்பு.

எக்ஸ்ரே கருவியை ஓட்டியவர் பெங்களூரிலேயே நீலசந்திரா பகுதிக்காரர், என்னைவிட மூத்தவர், அவரும் தினக்கூலி. நான் ரிப்பன் எடுக்கும்போதெல்லாம் வந்து நிற்பார். "ஒரு துண்டு குடுப்பா." வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எலி சும்மாவா அம்மணமாக ஓடும்? வேறு ஆய்வகத்துக்கு விற்கிறார் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

ஒருநாள் ரிப்பன் அபாரமாக வந்தது. அன்று பார்த்து ஆர்கான் வாயு சிலிண்டர் எடுக்க நான் வெளியே போகவேண்டி வந்தது. இந்த மனுஷனை நம்பி வைத்துவிட்டுப் போவதா? என் சாப்பாட்டுப் பையில் சோற்று டப்பாவோடு காலியாக ஒரு பொரியல் டப்பா இருந்தது. ரிப்பனைச் சுருட்டி அதற்குள் வைத்து மூடினேன். தங்கவயல் புத்தி!

திரும்பும்போது மணி மூன்று. சோறு இளஞ்சூடாக இருந்தது. பசியில் அது ஏன் என்று யோசிக்கவில்லை. மறுநாள் ரிப்பனை மாணவியிடம் கொடுத்தேன். மதியம் அவள் முகம் வெளுத்து வந்தாள்.

"அண்ணா, முதல் மேடே இல்ல. இது நம்ம ரிப்பன்தானா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. நேராகப் பேராசிரியரிடம் போனேன். "நேத்து நான் வெளிய போனப்ப மாத்தி வெச்சிட்டாரு சார். எக்ஸ்ரே ரூம்காரருதான்." அவரைக் கூப்பிட்டார்கள். "உண்மைன்னா நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றார் பேராசிரியர்.

அந்த மனுஷன் என்னையே பார்த்தார்.

"நான் ஏன் சார் மாத்தறேன்? துண்டு கேட்டேன், நெஜம்தான். மாடியில மொளகா காய வெச்சா புறா தொல்ல. பளபளன்னு கட்டித் தொங்கவுட்டா கிட்ட வராது. அவ்ளோதான்." பிறகு என்னிடம், "நேத்து நீ வர லேட்டாவும்னு உன் ரெண்டு டப்பாவையும் நான்தாம்பா ஓவன்ல வெச்சேன். எரநூறு டிகிரில வெச்சா சீக்கிரம் சூடாவும்னு. பாவம், விடியக்காலைல கட்டின சோறாச்சே."

மாதிரிகளை உலர்த்தும் அந்த ஓவனில்தான் நாங்கள் எல்லோரும் சாப்பாட்டைச் சூடாக்குவோம். ரெண்டு டப்பாவையும்! என் கையில் மிச்ச ரிப்பன் இருந்தது. மடித்துப் பார்த்தேன். அப்பளம்போல் படக்கென்று ஒடிந்தது.

டப்பாவில் ரிப்பன் இருந்தது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை பிழைக்கும், அவருடையது போகும். ஒரு நிமிடம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பு. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார், ஆனால் அனுப்பவில்லை. மறுபடி உருக்கிக் கொடுத்தேன், மாணவிக்கு முதல் மேடு வந்தது.

அந்த வாரம் ஒருநாள் நானே நீளமாக ஒரு துண்டு வெட்டி அவரிடம் நீட்டினேன். "அண்ணே, மொளகாய்க்கு."

அவர் கையை நீட்டவில்லை. "வேணாம்பா. நாளைக்கு எதுனா காணாமப் போனா என் பேரு வரும்."

மதியம் ஓவனைத் திறந்தேன். உள்ளே அவருடைய டப்பா மட்டும் இருந்தது; என்னுடையது என் பையிலேயே இருந்தது.