கவூபுவுக்குக் குரல் கொடுக்கிறவள்

இஞ்சித் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மைக்கை இரண்டு தட்டுத் தட்டுகிறாள் நஸ்ஸோலோ. "ஏய், முன்வரிசை! காலை மடக்குங்க. கவூபு வரான்."

உகாண்டாவில், மித்யானா சந்தைக்குப் பின்னால் இருக்கும் வீடியோ கொட்டகை; சனிக்கிழமை காலை. கார்ட்டூன் படம் பிரெஞ்சில் ஓடும். எங்கள் ஊரில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. திரையோரம் உட்கார்ந்து எல்லோருக்குமாக எங்கள் லுகாண்டா மொழியில் பேசுவது அவள் வேலை. தண்ணீரைக் கண்டால் நடுங்கும் நீர்யானைக் குட்டிக்குக் கவூபு என்று பெயர் வைத்ததும் அவள்தான். சளி பிடித்த குழந்தையின் குரலில், "அம்மா, தண்ணி ரொம்ப ஈரமா இருக்கும்மா!" என்பாள். கொட்டகை அதிரும்.

பதினொரு வருடமாக இதே படம். அன்று தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இன்று மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றுகிறார்கள். ஆனாலும் சனிக்கிழமை பின்வாசலில் வந்து நின்று, அவளுக்கு முன்பே வசனத்தைச் சொல்லிவிடுவார்கள். "அடேய், நான் பேசவா, நீ பேசுறியா?" என்று மைக்கிலேயே திட்டுவாள்.

மற்ற நாட்களில் என் வாழைக்காய்க் கடைக்குப் பக்கத்தில் தக்காளி விற்கிறாள். அந்தக் குட்டியிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "பயந்தாங்கொள்ளிதான். ஆனா பயத்தை மறைக்கத் தெரியாது பாரு, அதான்" என்றாள்.

படத்தின் நடுவில் தாய் நீர்யானை காணாமல் போகும். "அம்மா ஏரிக்கு அந்தப் பக்கம் போயிருக்கா, வந்துடுவா" என்பது நஸ்ஸோலோவின் வசனம்.

போன மாதம் படம் முடிந்ததும், பிரெஞ்சு பேசும் காங்கோவிலிருந்து புதிதாக வந்த வாத்தியாரின் மகள் கபிங்கா அவள் முன்னால் வந்து நின்றாள். ஒன்பது வயது.

"அத்தை, நீங்க பொய் சொல்றீங்க. அவங்கம்மா செத்துட்டாங்க. படத்துல அப்படித்தான் சொல்றாங்க."

"தெரியும்டி. பாஷை தெரியலன்னா என்ன, கண்ணு இருக்கே."

"அப்புறம் ஏன்?"

"சொல்ல வாய் வரல."

"எங்கிட்டயும் எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. அம்மா ஆஸ்பத்திரியில இருக்கா, வந்துடுவான்னு. நான் வாசல்லயே உக்காந்திருந்தேன்."

அந்த வாரம் முழுக்க நஸ்ஸோலோ சரியாக இல்லை. பச்சைத் தக்காளி கேட்டவர்களுக்குப் பழுத்ததைக் கொடுத்தாள். கவூபு குரலில் பேசச் சொல்லிக் கெஞ்சிய பிள்ளைகளை விரட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை அந்தக் காட்சி வந்தபோது மைக் ஊமையாகிவிட்டது. பிரெஞ்சு மட்டும் ஓடியது. நான் எட்டிப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கவூபு... அம்மா இனிமே வரமாட்டாப்பா."

பிள்ளைகள் திரையை விட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கோ ஒரு வாண்டு விசும்பத் தொடங்கியது. அவள் குட்டியின் குரலுக்கு மாறினாள். "அப்ப நான் யாரு கூடத் தண்ணியில இறங்குவேன்?"

யாரும் சிரிக்கவில்லை. பின்வாசலிலிருந்து ஒரு முரட்டுக் குரல் வந்தது: "நாங்க இருக்கோம்டா, இறங்கு!"

"இறங்கு கவூபு! இறங்கு!" என்று மொத்தக் கொட்டகையும் கத்தியது. திரையில் குட்டி ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது.

எல்லோரும் போன பிறகும் கபிங்கா எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வாரமும் இப்படியே சொல்லுவீங்களா, அத்தை?"

நஸ்ஸோலோ தான் உட்கார்ந்திருந்த பலகையில் மெல்ல நகர்ந்து, அவளுக்குப் பாதி இடம் விட்டாள்.