கிட்டாருக்குள் வண்டு

சக்கரத்தைச் சுழலவிட்டு, ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகச் சுண்டி, கண்ணை மூடிக் கேட்பார் ஞானதுரை. தளர்ந்தது எதுவோ அங்கே விரல் நின்றுவிடும். தென்காசி ரயிலடிக்குப் பக்கத்தில் அவருடைய சைக்கிள் கடை. "வண்டி பேசப்பிடாது. பேசுனா எங்கனயோ நட்டு லூசுன்னு அர்த்தம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

முகூர்த்த நாளென்றால் கடைக்குப் பூட்டு. இஸ்திரி போட்ட டெரிலின் சட்டையோடு கிளம்பிவிடுவார். நாறும்பூநாதனின் மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் அவர்தான். கொச்சியில் ஒரு கப்பல்காரரிடம் பழசாக வாங்கிய கிட்டார். செங்கோட்டை முதல் ராயகிரி வரை இன்னொருவரிடம் அப்படி ஒன்று கிடையாது என்பதில் மனிதருக்குக் கர்வம் உண்டு, அதை மறைக்கவும் மாட்டார்.

மறைத்தது வேறொன்றை. சித்திரையில், சைக்கிள் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே இடது கை மோதிர விரல் மாட்டிக்கொண்டது. காயம் ஆறியது, விரல் மட்டும் நிமிரவில்லை. கிட்டாரின் தடித்த கம்பியை அழுத்தினால் உயிர் போனது. ஒருவரிடமும் சொல்லாமல் மெல்லிய கம்பிகளை வாங்கி மாட்டினார். விரல் பிழைத்தது. ஆனால் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் பட்டைகளில் கம்பி உரசி, வாசிக்கும்போதெல்லாம் ஜிர்ர் என்றது.

"வண்டு புகுந்துட்டா வே?" என்று ஆர்மோனியத்தை நிறுத்திக் கேட்டார் நாறும்பூநாதன். குற்றாலத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. "ஆவணில செங்கோட்டைக் கல்யாணம். அதுக்குள்ள சரியாக்கும்."

"சாரலுக்கு மரம் ஊறியிருக்கும் அண்ணாச்சி" என்று சமாளித்தார் ஞானதுரை.

வீட்டில் மனைவி ரெபேக்காள் விடவில்லை. "விரலு இப்படின்னு சொல்லிர வேண்டியதுதான?"

"சொன்னா ஒக்கார வச்சிருவாவ. கொல்லத்துல ஒருத்தன் கிட்டார வச்சிக்கிட்டு என் எடத்துக்கு நிக்கான்லா."

கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு உண்டு. முனையில் ஒரு நட்டு. கம்பிகள் கழுத்தை முன்னால் இழுக்கும், தண்டு பின்னால் இழுத்துப் பிடிக்கும். சத்தம் வந்தால் சைக்கிள்காரர் என்ன செய்வார்? ஸ்பானரை எடுத்து நட்டை நன்றாக முறுக்கினார். ஒரு வண்டு இருந்த இடத்தில் ஒரு வண்டுக் கூட்டமே வந்து சேர்ந்தது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை உயர்த்திப் பார்த்தார். சத்தம் அடங்கியது, ஆனால் உயர்ந்துவிட்ட கம்பியை அழுத்துவதற்குள் விரல் பழையபடி துடித்தது. பாவம், சோறே இறங்கவில்லை அவருக்கு.

பிறகொரு நாள், கடையில் யாருடைய ரிம்மையோ கோணல் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து ஸ்போக்ஸ் தளர்ந்ததால் ரிம் மறுபக்கம் சாய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர், வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். மெல்லிய கம்பிக்கு இழுவை குறைவு. அதனால்தான் தண்டின் கை ஓங்கிக் கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. முறுக்கவேண்டிய நட்டு இல்லை, தளர்த்தவேண்டிய நட்டு. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். பிரிட்ஜைப் பழையபடி இறக்கினார். கம்பியை இரண்டு முனையிலும் அழுத்தி, நடுவில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு போஸ்ட் கார்டு நுழையுமளவு இடைவெளி விட்டார். வண்டு போயே போய்விட்டது. ரெபேக்காளை உட்காரவைத்து ஒரு பாட்டு முழுக்க வாசித்துக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க நமக்கே ஆசையாக இருக்கும்.

அடுத்த ஒத்திகையில் நாறும்பூநாதன் முகம் மலர்ந்தது. "சரியாப் போச்சே! ஆனா நாதம் மெலிவா இருக்கு வே, கல்யாணப் பந்தலுக்குக் காணாது. தடிச்ச கம்பி கிடைக்காமத்தான் மெலிசு மாட்டியிருக்கீருன்னு அன்னைக்கே பாத்தேன், மெட்ராஸுக்குப் போன ஆள்ட்ட சொல்லி அந்தப் பழைய தடிச்ச கம்பியே வரவழைச்சிட்டேன். இந்தாரும், நம்ம அன்பளிப்பு."

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். குழு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டு இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். ஞானதுரை கிட்டாரை மடியிலிருந்து இறக்கிவைத்தார். பொட்டலத்தைத் தொடவில்லை. இடது கையை அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே கொண்டுபோய், முடிந்த மட்டும் விரித்துக் காட்டினார்.