வெள்ளாவியில் வெந்த கில்ட்டு

தாலி அறுத்த வருஷமே வயிற்றுப்பாட்டுக்காக சேலத்தில் ஒரு தொரை வீட்டுக்குச் சமைக்கப் போனேன். ரயில் பாலம் கட்டிய இஞ்சினியர், ஸ்காட்லாந்துக்காரர். வேலை முடிந்தும் ஊர் திரும்பாமல் சூரமங்கலம் பக்கம் ஒரு பங்களாவில் தனியாகக் கிடந்தார். மண் வெட்டும் ஆட்களிடம் தமிழ் கற்றவர். நாயைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியாது.

அவர் பெட்டியில் ஒரு துணி இருந்தது. கரும்பச்சையும் நீலமும் கட்டம் போட்டு, நடுவே மஞ்சள் கோடு ஓடும் கம்பளித் துணி. எட்டு கஜம். பின்பக்கம் முழுக்க மடிப்பு, முன்பக்கம் மொழுக்கென்று இருக்கும். கில்ட்டு, அவங்க ஊர் ஆம்பளைகள் இடுப்பில் கட்டுவது என்றார். "இதென்னங்க தொரை, பொம்பளை பாவாடையாட்டம் இருக்குது?" என்று கேட்டுவிட்டேன். கோபிக்கவில்லை. உட்கார வைத்துக் கதை சொன்னார்.

அவங்க மலை ஆட்கள் ஒரு காலத்தில் ராசாவை எதிர்த்துச் சண்டை போட்டுத் தோற்றார்களாம். அந்த உடுப்பை எவனும் கட்டக்கூடாதென்று ராசா சட்டம் போட்டான். கட்டினால் ஜெயில், மறுபடி கட்டினால் கப்பலேற்றி நாடு கடத்தல். ஆனால் அதே ராசா தன் பட்டாளத்தில் சேர்ந்தவனை மட்டும் கட்டிக்கொள்ள விட்டான். "கட்டோணும்னா எனக்காகச் சாவுன்னு ராசா சொன்னதா அர்த்தமுங்க" என்றார் தொரை. வம்சத்துக்கு ஒரு கட்டம் என்று பெருமை பேசுவதில் பாதி பின்னாளில் ஜவுளி வியாபாரிகள் கட்டிவிட்டதுதானாம். அதைச் சொல்லி அவரே சிரித்தார். ஆனாலும் துணியை எடுத்தால் மடிப்புத் தையலை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பார்.

அது அவர் கல்யாணத்துக்குக் கட்டியது. பிறகு ஒரே மகனுக்குக் கொடுத்தார். மகன் அதை ஊரில் வைத்துவிட்டுப் பட்டாளத்துக் கில்ட்டைக் கட்டிக்கொண்டு முதல் ஜெர்மன் சண்டைக்குப் போனான். திரும்பவே இல்லை. துணி மட்டும் கப்பலேறி அப்பனிடம் வந்தது.

இரண்டாம் சண்டை தொடங்கிய வருஷம் தொரை படுத்துவிட்டார். கண்ணும் மங்கிப்போயிற்று. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நான் போனா கோட்டுப் போட்டுப் புதைச்சிடாதீங்க. அந்தக் கில்ட்டைக் கட்டி விடோணும். வேற ஒண்ணும் வேண்டாம். வெயில்ல மட்டும் காயப் போடுங்க, தண்ணி படக்கூடாது" என்றார். "ஆகட்டுங்க" என்று தலையாட்டினேன்.

ஆனால் என் புத்தி சும்மா இருந்ததா? நாங்கள் ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரர்கள்தான். கோயில் மாறினாலும் திருச்செங்கோட்டுப் பக்கத்து வழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. சாவு விழுந்தால் வீட்டுத் துணியெல்லாம் சலவைக்காரிக்குப் போக வேண்டும். அவள் வெளுத்துக் கொடுக்கும் மாத்துத் துணியால்தான் தீட்டுக் கழியும். இந்தத் துணி செத்துப்போன பையனுடையது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் மாத்துக்குப் போகவே இல்லை. அந்தத் தீட்டுத்தான் மனுசனைப் படுக்க வைத்திருக்கிறது, வெளுத்து வந்தால் எழுந்து உட்காருவார் என்று எனக்குள் ஒரே பிடிவாதம். தண்ணீர் படாமல் எந்தத் துணி சுத்தமாகும்? வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். திமிர்தான், வேறென்ன.

திருமணிமுத்தாற்றுக் கரைச் சலவைக்காரி துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கம்பளியாட்டம் இருக்குதுங்களே, வெள்ளாவி தாங்குங்களா?" என்று கேட்டாள். மகராசி, கேட்டாளே! "சொன்னதைச் செய்டி, எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி, பானைமேல் அடுக்கி, ஆவியில் அவித்துவிட்டாள்.

திரும்பி வந்தது துணியில்லை. சாக்குப்போல விறைத்துச் சுருங்கி, அஞ்சு வயசுப் பிள்ளைக்குக்கூட இடுப்புக்கு எட்டாத அளவில் இருந்தது. மடிப்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. நானும் சலவைக்காரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். ஒரு விரல்கடைகூட நீளவில்லை. சமையற்கட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

இரண்டு நாள் கழித்துத் தொரை, "வெயில்ல போட்டீங்களா? கொண்டாங்க, தொட்டுப் பாக்கறேன்" என்றார். போய்ச் சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நான் போர்த்திப் படுக்கும் கம்பளியைக் கொசுவம்போல மடித்துக் கொண்டுபோய் அவர் நெஞ்சின்மேல் வைத்தேன். கண் தெரியாதவர்தானே என்ற தைரியம்.

விரல் ஊர்ந்தது. ஓரத்தைத் தேடியது. மறுபடி முதலிலிருந்து தடவியது.

"தையல் எங்கீங்க?" என்றார்.

"பெட்டியிலயே இத்துப் போச்சுங்க தொரை."

கையை எடுத்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அன்றைக்குக் கஞ்சி கொண்டுபோனேன், வாய் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. தோட்டக்காரன் ஊட்டினால் இரண்டு வாய் வாங்கினார். பதினோரு வருஷம் என் கைச் சோறு தின்ற மனுசன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலாம் நாள் போய்விட்டார்.

அவங்க கோயில் பாதிரியார் வந்து ஜெபம் சொன்னார். பீரோவைத் திறந்து கோட்டுகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எதை உடுத்தி அடக்கம் பண்ணணும்னு அவர் ஏதாச்சும் சொன்னாராம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலீங்க சாமி" என்றேன்.