நாற்பது கதிரையும் ஒரு பூட்டும்

கிராமங்களில் லூத்தரன் சபைகள் வளர உதவுவதுதான் என் பணி என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தது. உண்மையில் நான் செய்தது ஆட்கள் உட்காரும் கதிரைகளைத் தேடியதுதான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றபின், சும்மா இருக்கப் பிடிக்காமல் மிஷன் வேலைக்கு ஒப்புக்கொண்டேன். சனிக்கிழமை தோறும் வவுனியாவில் பஸ் ஏறி, சந்தியில் இறங்கி, கிரவல் ரோட்டுப் புழுதியெல்லாம் குடித்துக்கொண்டு ஓட்டோவில் போவேன். போய் வீடு வீடாக நின்று, "எங்கட கதிரை இஞ்சை இருக்கோ?" என்று கேட்பேன். இதற்காகவா என்னை அழைத்தீர் என்று ஆண்டவரிடமே பல தடவை கேட்டிருக்கிறேன்.

ஊர் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே, ஒரு குளத்துக்குக் கீழே இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே கச்சான்கடலையும் பயறும் பயிர் செய்கிறார்கள். பேச்சில் மலையகம் இன்னும் போகவில்லை. வவுனியாவில் நான் ரீச்சர், அங்கே டீச்சர். எங்கள் சபை பதினொரு குடும்பம். தேவாலயம் என்று சொல்ல ஒரு தகரக் கொட்டில், அதுவும் ஓர் அக்காவின் வீட்டு வளவில். அக்காதான் அந்தச் சபையின் மூப்பர், பாட்டுக்காரி, கூட்டிப் பெருக்குபவர் எல்லாம். அவருடைய இடது கால் யுத்தத்தின் கடைசியில் செல் குண்டு பட்டு மடங்காமல் போனது. தரையில் இருந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். மற்றவர்கள் பாயில் இருக்க, அவர் மட்டும் ஆராதனை முடியும்வரை கூரையைத் தாங்கும் கப்பைப் பிடித்தபடி நிற்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் தலைமையகத்துக்கு எழுதிக் கதிரை கேட்டேன். கேட்பதுதான் கேட்கிறோம், சபை வளரும்தானே என்று நாற்பது கேட்டேன். நாற்பதும் வந்து இறங்கின.

அன்றைக்குப் பிடித்தது சனி. கதிரைகள் பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் போயின. வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்துக்குப் போயின. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போயின. அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் மஞ்சளும் குங்குமமுமாகத் திரும்பின. ஒரு தடவை தேடிப்போனபோது, முதுகில் நாங்கள் சிவப்புப் பெயின்றால் சிலுவை போட்ட கதிரை ஒன்றில் பூசாரியார் கால்களை மடித்துத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "இருங்க டீச்சர், வெயில்ல வந்திருக்கீங்க" என்று எங்கள் கதிரையை எனக்கே தந்தார். இருந்தேன். மோர் தந்தார்கள், குடித்தேன். கோபத்தோடு வந்தவளுக்கு இப்படி மோர் தந்தால் பிறகு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆறோ ஏழோ கதிரைதான் மிஞ்சும். அக்காவைக் கேட்டால், "ஊருல வேற கதிரை இல்லையே டீச்சர். கேட்டு வர்றவங்கள எப்படி இல்லைன்னு அனுப்புறது?" என்பார். தலைமையகம் ஒரு படிவம் அனுப்பியது. சபை வளர்ச்சிக்குத் தடையாக இருப்பவை எவை என்று அதில் ஒரு கேள்வி. 'கதிரைகள்' என்று எழுதி அனுப்பினேன். எங்கள் போதகர் தொலைபேசியில் அரைமணி நேரம் ஏசினார்.

கதிரை கேட்டு வராத ஒரே ஒருவர் எதிர்வீட்டு ஐயா. அவருக்கும் எங்களுக்கும் ஒத்துவராது. எங்கள் பாட்டுச் சத்தத்தில் தன் மாடு பால் சுரக்கவில்லை என்று கிராம சேவகரிடம் முறையிட்டவர். நாங்கள் ஜெபம் தொடங்கினால் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவார்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னச் சபைகளைப் பெரிய சபைகளோடு இணைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்து பார்ப்பார்களாம். ஒழுங்காக நடக்கிற சபை தனியாக நிற்கும், மாதம் இரண்டு தரம் போதகர் வருவார். இல்லாவிட்டால் எங்கள் சனம் பிரதான வீதியில் இருக்கும் ஆலயத்துக்குப் போகவேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர். மடங்காத காலோடு அக்காவால் ஓட்டோவிலும் ஏற முடியாது, மோட்டார் சைக்கிளிலும் இருக்க முடியாது. அந்தக் கொட்டிலை மூடினால் அவருக்கு ஆராதனை என்று ஒன்று இல்லை.

நான் வவுனியாவில் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கினேன். நாற்பது கதிரையையும் பிடித்துச் சேர்த்து, கைப்பிடிகளுக்குள்ளால் சங்கிலியை விட்டு, கப்போடு சேர்த்துப் பூட்டினேன்.

"ஆர் வந்து கேட்டாலும் பூட்டின்ரை திறப்பு ரீச்சரிட்டை எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன். அவர் சங்கிலியைப் பார்த்தார். எனக்கோ பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி. அன்று பஸ்ஸில் நன்றாக நித்திரை கொண்டேன்.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் காலை அக்கா தொலைபேசி எடுத்தார்.

"டீச்சர், எதிர்வீட்டு ஐயா தவறிட்டாருங்க."

"ஐயோ. கதிரை தரேலாது அக்கா" என்றேன். இரண்டு வசனத்துக்கும் நடுவில் மூச்சுக்கூட விடவில்லை.

"சனமெல்லாம் வெறுந்தரையில இருக்கு டீச்சர். நாளைக்குத்தான் எடுக்கிறாங்க."

"நாளைக்குத்தானே அக்கா கொழும்பு ஆக்கள் வருகினம்! கொட்டில் வெறுமையாக் கிடந்தா மூடச் சொல்லிப்போட்டுப் போயிடுவினம். உங்களுக்காகத்தானே நான் இவ்வளவு பாடும் படுறன். விளங்குதோ?"

"விளங்குதுங்க" என்றார்.

எனக்கு விசர்தான் பிடித்தது. உயிரோடு இருந்தபோது ரேடியோ போட்டுக் குழப்பிய மனிதர், சாகவும் எங்கள் நாளையா பார்த்தார்? இப்படித்தான் நினைத்தேன். மறைத்துப் பிரயோசனம் இல்லை.

ஞாயிறு காலை கொழும்புக்காரர் வந்த வான் வண்டியிலேயே போய் இறங்கினேன். பூட்டைத் திறந்து, வரிசைக்கு எட்டாக ஐந்து வரிசை அடுக்கினேன். அந்தக் கொட்டில் அவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை. வந்த மூவரும் முன்வரிசையில் இருந்தார்கள். ஒன்பது மணியானது. ஒன்பதே கால் ஆனது. ஒரு குஞ்சு குருமானும் வரவில்லை. எதிர்வீட்டில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒழுங்கையைத் தாண்டிப் போனேன். எங்கள் பதினொரு குடும்பமும் அங்கேதான். உரப்பையிலும் தென்னோலையிலும் வெறும் மண்ணிலும் இருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அக்கா, இடது காலை முன்னால் நீட்டியபடி, தரையில். செத்தவரின் மனைவி அவர் தோளில் சாய்ந்திருந்தார்.

குனிந்து காதுக்குள் சொன்னேன். "அக்கா, வந்திட்டினம். பத்து நிமிசம் முகத்தைக் காட்டிப்போட்டு வாங்கோ."

"நீங்க நடத்துங்க டீச்சர்" என்றார் அக்கா. "அதான் கதிரையெல்லாம் இருக்கே."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் திருப்பிக் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். யாருடைய காலுக்காகக் கதிரை கேட்டேனோ, அவரையே மண்ணில் இருத்திவிட்டேன்.

திரும்பிப் போய்ப் பின்வரிசையிலிருந்து நாலு நாலாகத் தூக்கத் தொடங்கினேன். குழுவின் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "சபையார் எங்கே?" என்று கேட்டார். "எதிர்வீட்டிலை. செத்த வீடு" என்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு தாளில் ஏதோ எழுதினார். அவர்களுக்கு வேறு ஊருக்கும் போகவேண்டியிருந்தது, போய்விட்டார்கள்.

செத்த வீட்டில் ஒருவரும் எழும்பிக் கதிரையில் இருக்கவில்லை. அக்காவுக்கு முன்னால் ஒன்றை வைத்தேன். "முதல்ல அவங்களுக்கு" என்று ஐயாவின் மனைவியைக் காட்டினார். அந்த அம்மா இருந்த பிறகுதான் மற்றவர்கள் எழும்பினார்கள். கடைசியாக இரண்டு பெண்கள் சேர்ந்து அக்காவைத் தூக்கி இருத்தினார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. இருக்கை வசதி போதுமானது, விசுவாசிகளிடம் ஆர்வம் இல்லை, ஆகவே இணைக்கிறோம் என்றிருந்தது. வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அதோடு இன்னொரு வசனம்: நாற்பது கதிரையும் பிரதான வீதி ஆலயத்துக்குப் போகவேண்டும், லொறி வரும், நான் நின்று ஏற்றிவிட வேண்டும்.

லொறி வந்த அன்று கொட்டிலில் ஏழு கதிரைதான் நின்றன. அக்கா கப்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரதி தாளைப் பார்த்தார்.

"ரீச்சர், நாப்பது எண்டு போட்டிருக்கு. மிச்சம் எங்கை?"

என்னை விட வேறு யாருக்குத் தெரியும்? பன்னிரண்டு அம்மன் கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால். பத்து எதிர்வீட்டில், ஐயாவின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு. ஆறு பாலர் பாடசாலையில். ஐந்து கமக்காரர் கட்டடத்தில். எத்தனை சனிக்கிழமை அலைந்து படித்த பாடம் அது.

"தெரியாது தம்பி" என்றேன். "இந்த ஊர்ச் சனம் எதையும் திருப்பித் தாறேல்லை."

அந்த இரண்டாவது வசனத்தை ஆயிரம் தடவை சொன்ன வாய், அதனால் தடுமாறவில்லை. சாரதி ஆறு கதிரையை ஏற்றினார். ஏழாவதை எடுக்கத் திரும்பியபோது அக்கா காலை நீட்டிக்கொண்டு அதில் இருந்தார். சாரதி காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லொறியில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு ஒருவரும் அனுப்பாமல் நானாகப் பஸ் ஏறினேன். போதகர் வரமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். நாங்களே பாடி, நாங்களே வேதம் வாசிப்பது என்று பேச்சு. ஒன்பது மணிக்கு முன்னமே ஒழுங்கையால் தலையில் கதிரைகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மடப்பள்ளிக் கதிரைகளைப் பூசாரியாரின் மகன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து இறக்கினான். எதிர்வீட்டு அம்மா தன்னிடம் இருந்த பத்தையும் வேலியோரம் அடுக்கிவிட்டு உள்ளே போய், வழக்கம்போல ரேடியோவைப் போட்டார். நான் வாங்கிய சங்கிலியால் அக்கா மாடு கட்டியிருந்தார்.

எண்ணிப் பார்த்தேன். அக்காவினதோடு முப்பத்திரண்டு. இன்னும் இரண்டு கமக்காரர் கட்டடத்தில் கிடக்கின்றன. மூன்று தரம் சொல்லியாகிவிட்டது, கொண்டுவந்து தருகிறார்கள் இல்லை.