தொப்பி உட்கார்ந்திருந்த நாற்காலி

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "பயப்படாதீங்கம்மா, நான் வெளிய நிக்கிறேன்ல" என்று ஒரு தடவை சொன்னால் போதும். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அமைதியாகிவிடுவார்கள். வெளியே நிற்பது அவருக்குக் கைவந்த கலை. அது தொழிலில் பழகியது இல்லை, அதற்கு முன்பே பழகியது.

வேலை பார்க்கும் கட்டடங்களில் அவர் லிஃப்ட்காரர். கூட்டாளிகளுக்கு அவர் "கதவு". கேலிப் பெயர்தான் என்றாலும் மனிதர் அதைப் பட்டம் மாதிரி சூடிக்கொண்டு திரிந்தார். யாராவது புதிதாக வந்து "ஏன் உங்களைக் கதவுங்கிறாங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். கேட்டவர் அன்றைக்கு மாடிப்படியில்தான் ஏறிப் போகவேண்டும்.

கதை இதுதான். அந்த ஊருக்கு ஒரு கூடைப்பந்து அணி உண்டு. சம்பளம் வாங்கி ஆடும் பெரிய அணி. ஒரு காலத்தில் தொடர்ந்து மூன்று வருடம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது. நடுவில் நிற்கும் நெட்டை ஆட்டக்காரனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ஒட்டகம். பந்தைக் கொண்டுபோகும் குட்டை ஆளுக்குப் பெயர் எலி. ஒட்டகமும் எலியும் சேர்ந்து ஆடிய அந்த மூன்று வருடமும் ஊரில் பச்சைத் துணி கிடைக்காது, எல்லாம் ரசிகர் சட்டையாகவே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த அணி ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. அதனால் அந்த மூன்று வருடத்தைப் பற்றிப் பேசுவதே ஒரு கும்பலுக்குப் பிழைப்பாகிவிட்டது.

நம் ஆள் இருந்த கும்பலில் நாலு பேர். அவர், பின்னாளில் அவருடைய தங்கையைக் கட்டிய பேக்கரிக்காரர், டோலக்கை வைத்துக்கொண்டு காதைக் கிழித்ததால் "மேளம்" என்று பெயர் வாங்கிய தபால்காரர், மருந்துக்கடைக்காரர். நாலு பேருக்கும் பக்கவாட்டுக் கதவை ஒட்டிய வரிசையில் அடுத்தடுத்து இடம். பாஸ் வாங்கித் தந்தது பேக்கரிக்காரர். அவருக்கு அரங்கத்தில் செல்வாக்கு இருக்கிறது என்று நம் ஆள் நம்பினார்.

முதல் வருடம் ஒரு ஆட்டத்தில் அணி மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பங்கு, தொடங்கும் நேரத்தில் இவருக்கு வயிற்றைக் கலக்க, எழுந்து வெளியே ஓடினார். திரும்பி வருவதற்குள் அணி ஜெயித்திருந்தது. அடுத்த ஆட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார், அணி தோற்றது. அன்றைக்குத்தான் பேக்கரிக்காரர் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்த் தோளில் கைபோட்டுச் சொன்னார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. நீ உள்ள இருந்தா தோக்குது, வெளிய போனா ஜெயிக்குது. எனக்கே சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா டீமுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

வேறு யாராக இருந்தாலும் "போடா, உன் ராசியும் நீயும்" என்றிருப்பார்கள். இவர் யோசித்தார். யோசித்துவிட்டுச் சரி என்றார். அன்றிலிருந்து மூன்றாவது குவார்ட்டர் முடிந்ததும் எழுந்திருப்பார், தலையில் இருக்கும் பச்சைத் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைப்பார், பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு நடைபாதைக்குப் போய்விடுவார். "தொப்பி உக்காந்திருக்கும் மச்சான், நீ உக்காந்த மாதிரிதான்" என்பார் பேக்கரிக்காரர். அந்தக் கதவில் ஒரு காவலாளி நிற்பான், கழுத்தில் விசிலோடு. "அண்ணே, நீங்க இங்கதான நிக்கப்போறீங்க? கொஞ்சம் பாத்துக்குங்க, இந்தா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போவான். ஆட்டம் முடிகிறவரை வரமாட்டான். இவர் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யாராவது உள்ளே நுழையப் பார்த்தால் தடுக்கக்கூடச் செய்வார். அணிக்காகச் செய்கிற தொண்டில் அதுவும் சேர்ந்ததுதான் என்று நினைத்தார்.

மூன்று கோப்பைகளின் கடைசிக் குவார்ட்டரையும் அவர் கதவுக்கு வெளியே கேட்ட சத்தமாகத்தான் அனுபவித்தார். அதை அவர் சொல்லக் கேட்கவேண்டும். "ஒட்டகம் பந்த வாங்குனா ஒரு 'உஸ்'ஸுன்னு வரும். எலி ஓடுனா பெஞ்சுல காலத் தட்டுவாங்க, செவுரு அதிரும். உள்ள விழுந்துச்சுன்னா கதவே என் முதுகத் தள்ளும்யா!" என்பார். கேட்பவர்களுக்குப் புல்லரிக்கும். பார்த்தவர்களைவிடப் பார்க்காதவர் சொல்வதுதான் நன்றாக இருக்கிறது என்று மேளமே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நிற்கவில்லை. தனக்கு ராசியில்லை என்பது அந்த மனிதருக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. மனைவிக்கு ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டமாட்டார். மகள் திருமணப் பதிவில் கையெழுத்துப் போடும் நேரத்தில் அலுவலக வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டீமுக்கு ராசியில்லன்னா பெத்த பொண்ணுக்குமா ராசியில்ல?" என்று மனைவி கத்திப் பார்த்து, ஓய்ந்துபோய், விட்டுவிட்டாள்.

அந்த மகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய இரும்பு வளையத்தைப் பின்சுவரில் அடித்துக் கொடுத்தார். பெண் நன்றாக ஆடினாள். பள்ளி அணியில் சேர்ந்து இறுதியாட்டம் வரை வந்துவிட்டாள். அன்று காலையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"உள்ள வாங்கப்பா. ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல."

"நான் வெளிய நிக்கிறேன்டா கண்ணு. அதான் உனக்கு நல்லது."

முதல் மூன்று குவார்ட்டருக்குக்கூட உள்ளே போகவில்லை, எதற்கு வம்பு என்று. சைக்கிள் நிறுத்தத்தில் நின்றார். கடைசியில் மகள் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது, தோற்றார்கள். அழுது வீங்கிய முகத்தோடு வெளியே வந்தவள், "வெளிய நின்னும் தோத்துட்டமேப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு பின்சுவர் வளையத்தில் துணிதான் காய்ந்தது. அவளும் எதற்கும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. இன்றுவரை அப்பாவிடம் அளந்துதான் பேசுகிறாள். அது அவருக்கு வலித்தது. ஆனாலும், ஊருக்கே மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தவனுக்கு இந்த வலிகூட இல்லாமல் இருக்குமா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்த மூன்று கோப்பைகளில் அவருக்கிருந்த பங்கு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கும்பல் கூடியது. பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் அறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவே, சுவர் நிறைய ஒரு டிவி. மூன்றாவது கோப்பை ஆட்டத்தை, இதுவரை யாரும் பார்க்காத கேமராக்களில் எடுத்ததையும் சேர்த்து, அணிக்காரர்கள் புதிதாக வெளியிட்டிருந்தார்கள். எல்லாருக்கும் தலை நரைத்து, மருந்துக்கடைக்காரர் தன் கடை மாத்திரைகளையே தின்றுகொண்டிருக்கும் வயது. ஆனால் படம் ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் இளந்தாரிகள் ஆகிவிட்டார்கள்.

"அங்க பாரு ஒட்டகத்த! முழங்காலு வீங்கிப்போயிருந்துச்சு அன்னைக்கு."

"வீக்கத்தோடதான்யா ஆடுனான். இப்ப இருக்கவனுங்களுக்கு நகம் ஒடஞ்சாலே லீவு."

"எலிய அந்த ரெஃப்ரி தள்ளிவிட்டான் பாரு, இப்பக்கூட எனக்கு வயிறு எரியுது."

மேளம் மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். தங்கை பன்னும் டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்த்தாள். மூன்றாவது குவார்ட்டர் முடிந்தது. நம் ஆள் வழக்கம்போல எழுந்தார். முப்பது வருடப் பழைய ஆட்டத்துக்கு எதற்கு வெளியே போகவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கடைசிக் குவார்ட்டரை அவர் எந்தத் தடவையும் பார்த்ததில்லை. டிவியில் போட்டாலும் எழுந்துவிடுவார். முடிவு மாறாது என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் ரிஸ்க் எடுக்கமாட்டார். "கதவு சாத்தியாச்சு!" என்று எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பேக்கரியின் பின்வாசலுக்குப் போனார்.

போனவருக்குத் தலையைத் தொட்டதும் பகீரென்றது. தொப்பி தலையிலேயே இருந்தது. நாற்காலியில் வைக்க மறந்துவிட்டார். ஐயோ, இத்தனை வருடத்தில் இப்படி ஒரு தப்புப் பண்ணியதில்லையே என்று, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி குடுகுடுவென்று உள்ளே வந்தார். நாற்காலியில் தொப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது திரையில் கண் பட்டுவிட்டது.

கேமரா பக்கவாட்டு வரிசையைக் காட்டிக்கொண்டிருந்தது. டோலக்கோடு மேளம். வாயைப் பிளந்துகொண்டு மருந்துக்கடைக்காரர். அடர்ந்த முடியோடு பேக்கரிக்காரர், பக்கத்தில் இருப்பவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் இருப்பவன் நாற்காலியில் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டை. கழுத்தில் விசில். தலையில் பச்சைத் தொப்பி.

பேக்கரிக்காரர் ரிமோட்டைத் தேடிப் படத்தை நிறுத்தினார். நிறுத்தியது இன்னும் வசதியாகப் போயிற்று. காவலாளி பல்லைக் காட்டியபடி அப்படியே நின்றான்.

"இவன் எங்க இங்க?" என்றார் நம் ஆள். "மாப்ள, என் சீட்டுல இவன் எப்படி வந்தான்?"

பேக்கரிக்காரர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "விடு மச்சான், அது பழைய கதை."

"பழசுதான். சொல்லு."

"பாஸு ஏதும் இல்ல மச்சான். டிக்கெட் யாருக்குக் கெடச்சுது அப்ப? அவன்தான் சைடு கதவுல நம்மள விட்டான். அதுக்கு அவன் ஒண்ணே ஒண்ணு கேட்டான். கடைசிக் குவார்ட்டர் உக்காந்து பாக்கணும்னான். நாலு பேர்ல ஒருத்தர் எந்திரிக்கணும். யாரு எந்திரிப்பா?"

"என்னையக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ சண்டைக்கு வருவ. உனக்கு அந்த வயித்துவலி வந்துச்சு, ஜெயிச்சுது, அடுத்தது தோத்துச்சு... தானா அமைஞ்சுது. நீதான நம்புவ?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். மருந்துக்கடைக்காரர் பூசி மெழுகப் பார்த்தார். "ஆனா ஒண்ணுண்ணே, ரெண்டாவது வருஷம் நாங்களே நம்ப ஆரம்பிச்சுட்டோம். நீங்க எந்திரிக்கலன்னா எங்களுக்கே கை நடுங்கும்." ஆறுதலுக்குச் சொன்னார் பாவம். எரிகிற இடத்தில் எண்ணெயாக விழுந்தது.

நம் ஆள் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் டீத் தம்ளர்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு அப்பறம்தாண்ணா தெரியும்" என்றாள், தலையைத் தூக்காமல். "நீ சந்தோஷமாத்தான இருந்த, அதான் சொல்லல."

அவருக்கு வந்த கோபத்துக்கு டிவியைத் தூக்கி உடைத்திருக்கவேண்டும். உடைக்கவில்லை. முப்பது வருடம் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள், கூடப் பிறந்தவளும் சேர்ந்து. போகட்டும், அதுகூடப் பரவாயில்லை. அவர் ஒரு காவலாளிக்குச் சம்பளமில்லாத மாற்று ஆளாக நின்றிருக்கிறார். அந்த வேலைக்காக ஆஸ்பத்திரி வாசலிலும், பதிவு அலுவலகத்திலும், சைக்கிள் நிறுத்தத்திலும் நின்றிருக்கிறார். "என் பொண்ணு ஆட்டத்தயாவது பாத்திருப்பேனேடா" என்றார். தொப்பியை அங்கேயே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மகளுக்கு போன் போட்டார். பொறுத்திருந்து சொல்லலாம் என்று தோன்றவில்லை. அவள் எடுத்ததும் ஒரே மூச்சில் கொட்டினார். காவலாளி, தொப்பி, பாஸ், மாமா, அத்தை, எல்லாம். "என்னைய முட்டாளாக்கிட்டாங்கம்மா. எனக்கு ராசியில்லன்னு சொன்னது பூரா பொய்யி. நான் உன் ஆட்டத்துக்கு உள்ள வந்திருக்கலாம்."

அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"அது பொய்யின்னு நான் அன்னைக்கே சொன்னேனேப்பா" என்றாள். "ஒண்ணும் ஆகாது, உள்ள வாங்கன்னு கையப் புடிச்சுச் சொன்னேன். அவங்க வெளிய போன்னு சொன்னத நம்புனீங்க. நான் உள்ள வான்னு சொன்னத நம்பல."

அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ படத்தை மறுபடி ஓடவிட்டுவிட்டார்கள். முதலில் அந்த 'உஸ்' வந்தது. பிறகு பெஞ்சுகளில் கால் தட்டும் சத்தம். மாவு டின் ஒருமுறை தயங்கி, பிறகு தாளம் பிடித்தது. மூன்று கிழவர்களும் தங்களை மறந்து கத்திய கத்தலில் பின்கதவு அதிர்ந்து அவர் முதுகில் மோதியது.

"என்னப்பா சத்தம்?"

"ஜெயிச்சுட்டாங்க."

"நீங்க எங்க இருக்கீங்க?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். காலி பிரெட் தட்டுகள், குப்பைத் தொட்டி, பின்னால் சாத்திய கதவு.

"வெளியதாம்மா நிக்கிறேன்" என்றார்.