பன்னின் மினுக்கு

நான் எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான். பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது பெயரைக் கேட்டால், இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பேன். புத்தகம் படிக்கிறவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

இப்போது எல்லார் போனிலும் வீடியோ வருகிறது. நாம் சாப்பிடுவதில் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று யாராவது கத்திக் கத்திச் சொல்கிறார்கள். ஜெல்லி மாட்டெலும்பில் செய்தது, சிவப்பு மிட்டாயின் நிறம் பூச்சியை நசுக்கி எடுத்தது என்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். பார்த்து முடித்ததும் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்கிறார்கள். எனக்கு இதில் எதுவும் அதிசயம் இல்லை. பதினோரு வருடமாக அரியலூரில் ஒரு பேக்கரியின் பின்கட்டில் வேலை பார்க்கிறேன்.

கேக்கில் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகக் கடிபடுகிற பழத்துண்டு பழமே இல்லை, பப்பாளிக்காய். சாயத்திலும் சர்க்கரைப் பாகிலும் ஊற வைப்பார்கள். விற்காமல் திரும்பி வந்த கேக்கை உதிர்த்து, கோகோ தூளும் எசன்ஸும் போட்டுப் பிசைந்து உருட்டினால் அது புதுப் பலகாரம். குழந்தைகள் அதைத்தான் முதலில் கேட்கும். பன்னின் மேலே பளபளவென்று ஒரு மினுக்கு இருக்கிறதே, அது முட்டை. நாமக்கல் பக்கமிருந்து வருகிற முட்டையில் உடைசலைத் தனியாகக் கொடுப்பார்கள். அதை ஒரு வாளியில் ஊற்றி அடிப்போம். சில நாள் நாற்றம் அடிக்கும், கொஞ்சம் எசன்ஸ் விடுவோம். சுவருக்கு பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால் பன் மேல் தடவி அடுப்புக்குள் தள்ளினால், வெளியே வரும்போது எண்ணெய் தேய்த்துக் குளித்த முகம் மாதிரி இருக்கும். தடவுவது என் வேலை.

இதை நான் வெளியே சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று முதலாளியும் சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊர் செந்துறைக்குப் பக்கம். ஒரே வாசலுக்குள் இரண்டு வீடு. ஒன்றில் என் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம், இன்னொன்றில் நாங்கள். என் வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு ஒரே மகள். பெரம்பலூரில் கட்டிக்கொடுத்தது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இரண்டு கரு கலைந்துபோயிற்று. மூன்றாவது கரு தங்கினால் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டாள். தங்கியது. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துக்கொண்டும் வந்துவிட்டாள். வளைகாப்பில் எல்லாரும் வளையல் போட்டார்கள். நான் பந்தி பரிமாறினேன்.

தீ மிதிக்கிறவர்கள் பத்து நாள் முன்னாலேயே காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதைக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ராத்திரி ஒரு வேளைதான் சோறு. கவுச்சி கிட்டேயே வரக்கூடாது, முட்டையும் கவுச்சிதான். சுத்தம் தப்பினால் நெருப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பகலில் பசித்தால் டீயும் பன்னும் சாப்பிடுவார்கள். பன்னில் என்ன இருக்கிறது, மாவுதானே என்று எல்லாருக்கும் நினைப்பு. டீக்கடைக்கு எங்கள் பேக்கரி வேனில்தான் பன் வருகிறது. நான் தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவள் என்பதால் காப்புக் கட்டிக்கொள்ள முடியாது.

முதல் நாள் அக்கா சொன்னாள்: “டீக்கடையில போயி எத்தனை பேரு கை பட்டதத் தின்னணுமா? நீ வர்றப்ப ரெண்டு பன்னு எடுத்துட்டு வந்துரு.”

நான் தடவுவதற்கு முன்பே இரண்டு பன்னைத் தனித் தட்டில் எடுத்து வைத்து வேகவைத்தேன். மேலே ஒன்றும் தடவாதது. வெளுப்பாக, மங்கலாக இருக்கும். மூன்று மணி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தேன். யாரும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. நானாகத்தான் செய்தேன். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் தெருக்குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கையில் மஞ்சள் கயிறு. அக்கா பன்னை அவர்கள் முன்னால் தூக்கிக் காட்டினாள்.

“பாருங்கடி, எங்க வூட்டு ஓரகத்தி எனக்குக் கொண்டாந்த பன்ன. பொணத்து மூஞ்சி மாதிரி வெளுத்துக் கெடக்கு.”

“டீக்கடையில மின்னுதேக்கா,” என்றாள் ஒருத்தி.

“அதான் கேக்குறேன். மின்னுறத வித்துப்புட்டு, நாய்க்குப் போடுறத எனக்குப் பொறுக்கிட்டு வர்றா.”

“நாய்க்குப் போட்டாலும் மோந்து பாத்துட்டுப் போயிரும்க்கா.” எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்திக்குக் குடமே வழிந்துவிட்டது.

“அக்கா, அது வந்து...” என்றேன்.

“என்ன அது வந்து? சொல்லு, எல்லாரும் கேக்குறாங்கல்ல.”

அத்தனை பேரும் டீக்கடையில் மூன்று நாளாகப் பன் தின்றவர்கள். அவர்கள் முன்னால் முட்டை என்று எப்படிச் சொல்வது? குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் சிரிப்புச் சத்தம் வாசல் வரைக்கும் வந்தது.

அதன் பிறகு அவளைத் தனியாகப் பார்த்துச் சொல்ல ஒரு சாயங்காலம் முழுக்க இருந்தது. சொல்லவில்லை.

நாலாம் நாளிலிருந்து மினுக்குப் பன் கொண்டுபோனேன். தட்டிலேயே நன்றாக மின்னுவதாகப் பார்த்து இரண்டு எடுத்தேன். அக்கா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “இதுதான் பன்னு. வாயத் தொறந்து கேட்டாத்தான் நமக்கு நல்லது வருது.” டீயில் தோய்த்துத் தின்றாள். கடைசித் துண்டு போகிறவரைக்கும் நான் கதவோரம் நின்று பார்த்தேன். அப்படியே தினமும் நின்று பார்த்தேன். அந்த நாட்களில் எனக்கு பஸ்ஸில் நன்றாகத் தூக்கம் வந்தது.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. மறுநாள் தீமிதி. திருவிழாவுக்கு மகளின் மாமியார் பெரம்பலூரிலிருந்து வந்திருந்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி வாய்க்கு ருசியாக ஏதாவது கேட்பாளே என்று நான் ஒரு பாக்கெட் வெண்ணெய் பிஸ்கட் கொண்டுவந்திருந்தேன். அவளுக்குக் காப்பு எதுவும் இல்லை, சாப்பிடலாம்.

“சித்தி, எனக்கா?” என்று கையை நீட்டினாள்.

அக்கா நடுவில் வந்து பாக்கெட்டைப் பறித்தாள். “அவ கையால வாங்காத. ரெண்டு போனது போதாதா ஒனக்கு?”

“என்ன சம்பந்தி, பாவம், ஆசையா கொண்டாந்துருக்கு,” என்றார் மாமியார்.

“ஒங்களுக்குத் தெரியாது சம்பந்தி. இருவத்திரெண்டு வருசமா வறண்டு கெடக்குற கை. நல்லது நடக்குற எடத்துல ஓரமா நிக்கணும்னு அவளுக்கே தெரிய வேணாமா?”

பாக்கெட்டைப் பிரித்து வாசலில் கோழிக்கு உதிர்த்துவிட்டாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

“என் பன்னு எங்க?”

கொடுத்தேன். என் கையிலிருந்துதான் வாங்கினாள். தின்று முடிக்கிறவரைக்கும் காத்திருந்தேன். டீ டம்ளரோடு அவள் கொல்லைப்பக்கம் போனதும் பின்னால் போனேன்.

“அக்கா, அந்த மினுக்கு முட்டை.”

“என்னது?”

“பன்னு மேல மின்னுதுல்ல. முட்டையை அடிச்சித் தடவுறது. நான்தான் தடவுறேன். மொத மூணு நாளு கொண்டாந்தேனே வெளுத்தது, அதுல இல்ல. நீங்கதான் மின்னுறது வேணும்னு கேட்டீங்க.”

ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் நடுங்கவில்லை.

அவள் முதலில் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். பிறகு முருங்கை மரத்தடிக்குப் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டாள். பன் அப்படியே வந்தது. ஆறு நாள் தின்றது எப்படி வரும்? இன்னும் இன்னும் விட்டுப் பார்த்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. கண்ணெல்லாம் சிவந்து திரும்பினாள்.

“வெளையாட்டுக்குத்தானடி சொன்ன?”

நான் அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன்.

“சும்மா சொன்னேன்னு சொல்லிரு. எம் மக வயித்துல இருக்குறத நெனச்சிப் பாரு. ஒன் கால்ல வேணா விழுறேன்.”

“டம்ளரக் குடுங்கக்கா, கழுவி வைக்கிறேன்,” என்றேன்.

காப்பை அறுத்துவிட்டுப் பூசாரியிடம் அபராதம் செலுத்தி ஒதுங்கிக்கொள்ள வழி உண்டு. ஆனால் வீட்டில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். ஏன் அறுத்தாய் என்று கேட்பார்கள். மிதிக்காமல் விட்டால் வேண்டுதல் நின்றுபோகும். இந்தக் கயிற்றோடு மிதித்தால் சுத்தமில்லாமல் மிதித்ததாகும். எந்தப் பக்கம் போனாலும் அது பேரப்பிள்ளையின் தலையில்தான் விடியும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அன்றைக்கு மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ராத்திரிச் சோறு வேண்டாம் என்றுவிட்டாள். “எங்க அம்மா பக்தியப் பாருங்க அத்தை,” என்று மகள் மாமியாரிடம் பெருமையாகச் சொன்னது எங்கள் வீட்டுக்குள் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் கருவேலங்கட்டைத் தணலைப் பரப்பியிருந்தார்கள். நான் பெண்கள் பக்கம், தடுப்புக் கயிற்றுக்கு இந்தப்புறம் நின்றேன். பூசாரி கரகத்தோடு முதலில் இறங்கினார். அடுத்து டீக்கடைக்காரர், அப்புறம் குழாயடியில் சிரித்தவர்கள், ஒவ்வொருவராக விறுவிறுவென்று நடந்து அந்தப்பக்கம் பால்குழியில் காலை வைத்தார்கள். டீக்கடை வாசலில் பன்னைத் தோய்த்துத் தின்ற வாய் எது எதுவென்று எனக்குத் தெரியும். எல்லாரும் நல்லபடியாகக் கடந்தார்கள். குடம் வழியவிட்டவள் பால்குழியில் நின்றுகொண்டு அழுதபடியே கும்பிட்டாள்.

அக்காவின் முறை வந்தது. மஞ்சள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழி விளிம்பில் நின்றவள் கூட்டத்துக்குள் தேடினாள். என்னைக் கண்டுபிடித்தாள். வாய் அசையவில்லை, ஆனாலும் அதே கேள்விதான். நான் ஆமாம், விளையாட்டுக்குத்தான் என்று தலையை ஒரு முறை ஆட்டியிருந்தால் போதும். அதற்குக் குரல்கூடத் தேவையில்லை. நான் முன்னால் நின்றவளின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கிவிட்டாள். மற்றவர்கள் எதிரே அம்மனைப் பார்த்துக்கொண்டு போனார்கள். இவள் தன் காலைப் பார்த்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு அடியாக, சுடுகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். நடுவில் நின்றுவிட்டாள். நெருப்பில் நிற்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். “போ போ” என்று கூட்டமே கத்தியது. இரண்டு ஆட்கள் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். அதற்குள் இரண்டு பாதமும் வெந்துவிட்டது. மகள் “அம்மா” என்று கத்தியபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

“காப்பு சுத்தமில்ல.” முதலில் சொன்னது குழாயடியில் சிரித்தவர்களில் ஒருத்திதான். கொஞ்ச நேரத்தில் கோயில் முழுக்க அதே பேச்சு.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சம்பந்தி பேசி முடித்துவிட்டார். சத்தமே போடவில்லை. “என்ன குத்தமோ, அது ஒங்களுக்கும் ஆத்தாளுக்கும்தான் தெரியும். ரெண்டு கருவப் பறிகொடுத்தவ. இனி இங்க வெச்சிருக்க எனக்குத் தைரியம் இல்ல. தலைப்பிரசவம் எங்க வூட்டுலயே ஆகட்டும்.” இருட்டுவதற்கு முன்னால் காரில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் போய்விட்டார்கள். மகள் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

அரியலூர் பெரியாஸ்பத்திரிக்கு அக்காவோடு நான்தான் போனேன். வேறு பெண்பிள்ளை வீட்டில் இல்லை. நர்ஸ் சீட்டு எழுதும்போது, “இவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். அக்கா மேலே பார்த்தபடி “தங்கச்சி” என்றாள். அதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. என்னைச் சொன்னால், முட்டை தின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குழந்தை பெரம்பலூரில் நல்லபடியாகப் பிறந்தது. பெண். அக்காவைப் பதினாறாம் நாள்தான் உள்ளே விட்டார்கள். ஊன்றி நடக்க முடியாததால் குழந்தையை அவள் கையில் தரவில்லை, மடியில் கிடத்திவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்களாம். நான் இன்னும் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை.

தீமிதிக்கு மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்தே நேராக வேலைக்குப் போனேன். அன்றைக்கு நாமக்கல் லாரி வரவில்லை. முட்டைக்குப் பதிலாகப் பாலைத் தடவச் சொன்னார் முதலாளி. பன் ஏறக்குறைய அதே மாதிரிதான் மின்னியது.